ஒரு சீர் மிகுந்த அடி: அமியாத்தினுஸ் விவிலியச் சுவடி எங்கே எழுதப்பட்டது?

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள லாரன்சியன் நூலகத்தில் 'அமியாத்தினோ 1' என்ற அடையாள எண்ணுடன் ஒரு தோல் சுவடி பாதுகாக்கப்படுகிறது. 1030 ஏடுகள் கொண்டது. ஒவ்வோர் ஏடும் ஏறத்தாழ அரை மீட்டர் உயரமும் அதில் மூன்றில் இரண்டு பங்கு அகலமும் உடையது. எடை 34 கிலோவைத் தொடுகிறது. மேசையிலிருந்து எடுத்து வைக்க இரண்டு பேர் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் புனித எரோணிமுஸின் பெயரோடு வழங்கும் இலத்தீன் விவிலியமான வுல்காத்தா, பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடுமாக ஒரே கட்டில் நமக்குக் கிடைத்திருக்கும் சுவடிகளில் இதுவே மிகப் பழையது. அக்காலத்தில் விவிலியத்தைத் தனித்தனி நூல்களாகவோ சிறு தொகுதிகளாகவோ எழுதி வைப்பதுதான் பெருவழக்கு. முழு விவிலியத்தையும் ஒரே நூலாகக் கட்டினால் அதற்குப் 'பாண்டெக்ட்' என்று தனிப்பெயரே உண்டு; அத்தகைய நூல்கள் மிக அரிது.

இந்தச் சுவடியைப் பார்த்த எவருக்கும் நெடுங்காலம் அதன் பிறப்பிடம் பற்றி ஐயம் எழவில்லை. எழுத்து இத்தாலிய எழுத்து, ஓவியம் பிற்கால உரோமை ஓவியம், கிடைத்த இடம் தெற்குத் தஸ்கனியில் அமியாத்தா மலைச் சரிவில் உள்ள சான் சால்வதோரே மடம். எனவே இது இத்தாலியில் எழுதப்பட்டது என்று கொண்டார்கள். அந்த முடிவு தவறு என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெரிந்தது. சுவடி எழுதப்பட்டது இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பிரியா என்ற ஆங்கிலோ-சாக்சன் அரசில், வியர்மவுத், ஜாரோ என்ற இரட்டை மடத்தில். இவ்வளவு பெரிய தவறு எப்படி நிலைத்தது, எந்தச் சான்று அதை உடைத்தது, எழுத்தமைதி இதில் எவ்வளவு உதவியது, எவ்வளவு ஏமாற்றியது என்பதையே இந்த ஆய்வு பின்தொடர்கிறது. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எழுத்தின் வடிவம், எழுதிய கை யாரிடம் பயின்றது என்பதைச் சொல்லும், அந்தக் கை எந்த மண்ணில் உட்கார்ந்து எழுதியது என்பதை அது தனித்து நின்று சொல்லாது.

காணிக்கைப் பாட்டும் சுரண்டிய இடங்களும்

சுவடியின் தொடக்கத்தில் காணிக்கைப் பாட்டு ஒன்று எழுதப்பட்டுள்ளது. மூன்று ஈரடிகள் கொண்ட சிறு செய்யுள் அது. இன்று அதில் படிக்கக் கிடைக்கும் செய்தி இதுதான்: லாங்கோபார்டியரின் (இத்தாலியில் குடியேறி ஆண்ட மக்களின்) கடைக்கோடி எல்லையிலிருந்து வரும் மடத்தலைவன் பேதுருவாகிய நான், மீட்பரின் வணக்கத்துக்குரிய மடத்துக்கு என் பற்றின் அடையாளமாக இதை அனுப்புகிறேன், எனக்கும் என்னைச் சேர்ந்தவர்க்கும் அத்தகைய தந்தையின் மகிழ்ச்சியிடையே விண்ணில் என்றும் நினைவுகூரப்படும் இடம் கிடைக்கட்டும்.

பேதுரு என்ற பெயரில் 9-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டிச் சான் சால்வதோரே மடத்தில் தலைவர் ஒருவர் இருந்தது உண்மை. 'சால்வதோரே' என்றாலே மீட்பர் என்று பொருள். ஆகவே மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் ஏட்டை உற்றுப் பார்த்தால் சில சொற்கள் மட்டும் சுரண்டப்பட்ட தோலின் மேல், மற்ற சொற்களை எழுதியவரின் திறம் இல்லாத வேறொரு கையால் எழுதப்பட்டிருப்பது தெரியும். முதல் அடியின் முதற்சொல், அதே அடியின் கடைசிச் சொல், மூன்றாம் அடியின் முதல் இரண்டு சொற்கள் ஆகியவைதான் மாற்றப்பட்டவை. நான்கு சொற்களை மாற்றியதிலேயே பெறுபவர், தருபவர், தருபவரின் நாடு ஆகிய மூன்றும் மாறிவிட்டன.

சுரண்டல் கண்ணுக்குப் புலப்படாமல் இருந்திருந்தாலும் காது கண்டுபிடித்திருக்கும். முதல் அடி இப்போது 'கெனோபியும் அத் எக்ஸிமீ மெரிதோ வெனெராபிலெ சால்வாத்தோரிஸ்' என்று முடிகிறது. ஆறு சீர் கொண்டு நடக்க வேண்டிய இலத்தீன் அடி அது. 'வெனெராபிலெ' என்ற சொல்லின் பின்பகுதியோடு ஐந்தாம் சீர் முடிந்துவிடும். அதன் பின் ஈரசையாலான ஒரே ஒரு சீருக்குத்தான் இடம் உண்டு. அந்த இடத்தில் நான்கசைச் சொல்லான 'சால்வாத்தோரிஸ்' நுழைக்கப்பட்டிருப்பதால் ஒரு சீர் மிகுந்து நிற்கிறது. மூன்றாம் அடியிலும் இதே கதைதான்: 'பேத்ருஸ் லாங்கோபார்தோரும்' என்ற தொடர் அடியை ஒரு சீர் அளவுக்கு நீட்டிவிடுகிறது. வெண்பாவில் தளை தட்டினால் நம் ஊர்ப் புலவர் எப்படி முகம் சுளிப்பாரோ, அதே அளவுக்கு இலத்தீன் யாப்புத் தெரிந்த எவருக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். மற்ற அடிகள் பிசகின்றி ஓடுவதால், பாட்டை இயற்றியவருக்கு யாப்புத் தெரியும், திருத்தியவருக்குத் தெரியாது, அல்லது அவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்று துணியலாம்.

இந்தச் சுரண்டலை முதலில் கவனித்து எழுதியவர் 18-ஆம் நூற்றாண்டில் லாரன்சியன் நூலகத்தின் பொறுப்பில் இருந்த ஆஞ்செலோ மரியா பந்தினி. 1782-ல் சான் சால்வதோரே மடம் மூடப்பட்ட பிறகு சுவடி ஃபுளோரன்ஸுக்கு வந்தது. பழைய பாட்டில் 'பேதுரு' என்பது காணிக்கை பெறும் திருத்தூதரின் பெயராக இருந்திருக்க வேண்டும் என்று பந்தினி சரியாகவே ஊகித்தார். தருபவர் யார் என்ற இடத்தில்தான் அவர் வழி தவறினார். லேவியர் நூலின் தொடக்கத்தையொட்டி, கிரேக்க எழுத்தில், 'தலைவர் செர்வாந்தோஸ் செய்தார்' என்ற பொருள்படும் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. புனித பெனடிக்டின் காலத்தில், அதாவது 6-ஆம் நூற்றாண்டில், இத்தாலியில் செர்வாந்துஸ் என்ற மடத்தலைவர் ஒருவர் இருந்தார் என்பது அறிந்த செய்தி. இரண்டையும் முடிச்சுப் போட்டு, சுரண்டப்பட்ட இடத்தில் அவர் பெயரே இருந்தது என்று பந்தினி முடிவு செய்தார்.

அந்த ஊகம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் ஆட்சி செய்தது. 1850-ல் இச்சுவடியின் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட திஷண்டோர்ஃப், விவிலியச் சுவடிகளைக் கண்டெடுப்பதில் தமக்கு நிகரில்லாதவர் என்று பெயரெடுத்தவர், இதை 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரியதாகவே கொண்டார். எழுத்தமைதி அந்தக் காலக் கணிப்புக்குத் தடை சொல்லவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. கல்வெட்டில் ஆட்சியாண்டு சிதைந்து போனால் நாமும் எழுத்தமைதியை வைத்துத்தான் நூற்றாண்டைச் சொல்கிறோம். பழைய வடிவத்தை வேண்டுமென்றே, தேர்ச்சியோடு பின்பற்றி எழுதிய ஒருவர் இருந்தால் அந்த அளவுகோல் எத்தனை ஆண்டு வழுக்கும் என்பதற்கு இந்தச் சுவடி ஒரு கணக்குத் தருகிறது: ஏறத்தாழ 150 ஆண்டு.

1886-ல் உரோமையைச் சேர்ந்த தொல்லியல் அறிஞர் ஜொவான்னி பத்திஸ்தா தே ரோசி, செர்வாந்துஸை விலக்கிவிட்டு வேறொரு பெயரை முன்வைத்தார். 'கடைக்கோடி எல்லையிலிருந்து' என்று பாட்டே சொல்கிறது. அப்படித் தம்மை அழைத்துக்கொள்ளக்கூடிய மடத்தலைவர், பேதுருவின் திருத்தலத்துக்குக் காணிக்கை கொண்டு வந்தவர், அவ்வளவு பெரிய விவிலியத்தை எழுதுவிக்க வசதி படைத்தவர் யார்? பீட் என்ற பெருந்துறவி எழுதிய மடத்தலைவர்கள் வரலாற்றில் விடை இருந்தது. வியர்மவுத், ஜாரோ மடங்களின் தலைவர் செயோல்ஃப்ரித், புதிய மொழிபெயர்ப்பில் மூன்று பாண்டெக்டுகளை எழுதுவித்தார் என்றும், அவற்றில் ஒன்றைத் தம் முதுமையில் உரோமைக்குக் காணிக்கையாக எடுத்துப் புறப்பட்டார் என்றும், மற்ற இரண்டையும் தம் இரு மடங்களுக்கு விட்டுச் சென்றார் என்றும் பீட் எழுதியிருக்கிறார். தே ரோசி மூன்றாம் அடியை 'செயோல்ஃப்ரிதுஸ் பிரித்தோனும்', அதாவது பிரித்தானியரின் செயோல்ஃப்ரித், என்று நிரப்பினார்.

அவர் ஊகம் பெயரில் சரி, நாட்டின் பெயரில் சற்றுப் பிசகு. அதைத் திருத்தியவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹோர்ட். 1887-ல் அவர் சுட்டிக்காட்டியது புதிதாகக் கண்டெடுத்த சான்று கூட அல்ல. செயோல்ஃப்ரித்தின் வாழ்க்கையை, அவரை நேரில் அறிந்த பெயர் தெரியாத ஒரு துறவி இலத்தீனில் எழுதி வைத்திருந்தார். அது 1841-லேயே அச்சில் வந்துவிட்டது. உரோமைக்குக் கொண்டு சென்ற விவிலியத்தின் தலைப்பில் இருந்த பாட்டு என்று சொல்லி அந்த நூல் முழுப் பாட்டையும் எடுத்துத் தருகிறது. சில சொல் வேறுபாடுகளைத் தவிர அது ஃபுளோரன்ஸ் சுவடியில் உள்ள அதே பாட்டு. சுரண்டப்பட்ட இடங்களில் என்ன இருந்தது என்று இனி ஊகிக்க வேண்டியதில்லை. 'கெனோபியும்' இருக்கும் இடத்தில் உடல் என்று பொருள்படும் 'கோர்ப்புஸ்'. 'சால்வாத்தோரிஸ்' இருக்கும் இடத்தில் 'பேத்ரி'. 'பேத்ருஸ் லாங்கோபார்தோரும்' இருக்கும் இடத்தில் 'செயோல்ஃப்ரிதுஸ் ஆங்லோரும்', ஆங்கிலரின் செயோல்ஃப்ரித். மேன்மைமிகு பேதுருவின் உடலுக்கு, ஆங்கிலரின் கடைக்கோடி எல்லையிலிருந்து மடத்தலைவன் செயோல்ஃப்ரித் அனுப்பும் காணிக்கை என்பதுதான் பழைய பாட்டு. இந்தச் சொற்களைத் திரும்ப வைத்துப் பார்த்தால் மிகுந்திருந்த சீர்கள் இரண்டு அடிகளிலும் மறைந்து யாப்பு நேராகிவிடுகிறது. நூலில் கிடைத்த பாடத்தையும் ஏட்டில் கெட்டிருந்த யாப்பையும் ஒன்றோடொன்று சரிபார்க்க முடிந்ததுதான் இந்த வழக்கின் வலிமை என்பது என் எண்ணம். 46 ஆண்டு அச்சில் கிடந்த நூலை யாரும் சுவடியோடு வைத்துப் பார்க்கவில்லை என்பது வேறு செய்தி.

செயோல்ஃப்ரித்தின் மடமும் அதன் உரோமைப் பற்றும்

பெனடிக்ட் பிஸ்கப் என்ற நார்தம்பிரியப் பெருங்குடி மகன் 674-ல் வியர் ஆற்றின் கழிமுகத்தில் வியர்மவுத் மடத்தையும், சில ஆண்டுகளுக்குப் பின் டைன் ஆற்றங்கரையில் ஜாரோ மடத்தையும் நிறுவினார். ஜாரோ ஆலயம் 685 ஏப்ரல் 23 அன்று திருநிலைப்படுத்தப்பட்டதைச் சொல்லும் கல் இன்றும் அங்கே சுவரில் இருக்கிறது. பிஸ்கப் பலமுறை உரோமைக்குச் சென்று நூல்களையும் திருவுருவப் படங்களையும் வாரிக்கொண்டு வந்தவர். கற்கோயில் கட்டக் கொத்தர்களையும், சன்னலுக்குக் கண்ணாடி செய்யத் தெரிந்தவர்களையும் 'கால்' நாட்டிலிருந்து, அதாவது இன்றைய பிரான்சுப் பகுதியிலிருந்து, வரவழைத்தார். உரோமைப் புனித பேதுரு ஆலயத்தின் தலைமைப் பாடகர் யோவானையே அழைத்து வந்து தம் துறவிகளுக்கு உரோமைப் பண்முறையைக் கற்பித்தார். 678-679 அளவில் நடந்த ஒரு பயணத்தில் செயோல்ஃப்ரித்தும் உடன் சென்றார். பிஸ்கப்புக்குப் பின் இரண்டு மடங்களுக்கும் சேர்த்துத் தலைவரானவர் அவரே.

மூன்று பாண்டெக்டுகளும் எழுதப்பட்டது அவர் தலைமை ஏற்ற பின்னரும் 716-க்கு முன்னரும். அந்த வேலையின் அளவை எண்ணால் சொல்வதே நல்லது. அமியாத்தினுஸின் அளவில் ஒரு கன்றின் தோலிலிருந்து நடுவில் மடிக்கும் ஓர் இரட்டை ஏடுதான் கிடைக்கும். 1030 ஏட்டுக்கு 515 தோல் வேண்டும். மூன்று விவிலியத்துக்கு 1500-க்கு மேல். மந்தையும் மேய்ச்சல் நிலமும் அரசர் கொடுத்த மானியமும் இல்லாத மடம் இதை எண்ணிப் பார்த்திருக்கவே முடியாது.

716 ஜூன் 4 அன்று, 74 வயதில், செயோல்ஃப்ரித் தலைமையைத் துறந்து உரோமைக்குப் புறப்பட்டார். பேதுருவின் காலடியில் உயிர் விட வேண்டும் என்பதே அவர் ஆசை. அவரிடம் சிறுவயது முதல் வளர்ந்த பீட், ஆசான் சொல்லிக்கொள்ளாத குறையாகப் புறப்பட்டுவிட்டதில் மனம் கலங்கி, தாம் எழுதிக்கொண்டிருந்த சாமுவேல் நூல் உரையையே சிறிது காலம் நிறுத்தி வைத்ததாக அதன் நான்காம் பகுதி முன்னுரையில் குறிப்பிடுகிறார். செயோல்ஃப்ரித் உரோமையைக் காணவில்லை. செப்டம்பர் 25 அன்று, இன்றைய பிரான்சின் லாங்ரெ நகரில் இறந்தார். உடன் வந்தவர்களில் சிலர் ஊர் திரும்பினர், சிலர் கல்லறை அருகிலேயே தங்கினர், சிலர் காணிக்கையோடு உரோமைக்குப் பயணத்தைத் தொடர்ந்தனர்.

எழுத்து என்ன சொல்கிறது

சுவடி எழுதப்பட்ட எழுத்து 'அன்சியல்'. 4-ஆம் நூற்றாண்டிலிருந்து 8-ஆம் நூற்றாண்டு வரை கிறித்தவ நூல்களுக்கென்றே பெருவழக்காக இருந்த வட்டவடிவப் பேரெழுத்து அது. கல்லில் வெட்டும் உரோமைப் பேரெழுத்துகளில் கோடுகள் நேராக நிற்கும். அன்சியலில் 'எ' ஒலிக்கான எழுத்து பிறைபோல் வளையும், 'ம' ஒலிக்கான எழுத்து இரண்டு வளைவுக் குடைகளாகும், 'த' ஒலிக்கான எழுத்தின் தண்டு இடப்புறம் சாய்ந்து தலைக்கு மேல் கவியும். இணையத்தில் கிடைக்கும் படிமங்களில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பேனாவின் அகன்ற நுனி வரிக்கு இணையாகப் பிடிக்கப்பட்டிருப்பதும், அதனால் செங்குத்துக் கோடுகள் தடித்தும் கிடைக்கோடுகள் மயிரிழையாகவும் வருவதும், முனைகளில் சிறு ஆப்பு வடிவ அழகுக் கூர்கள் வைக்கப்பட்டிருப்பதும் தெளிவாகத் தெரியும்.

பக்க அமைப்பும் குறிப்பிடத்தக்கது. இரண்டு பத்தி, பத்திக்கு 44 வரியளவு. நிறுத்தக்குறிகள் ஏறக்குறைய இல்லை. அவற்றின் வேலையை வரி முறிப்பே செய்கிறது. பொருள் ஓரிடத்தில் நின்றால் வரியும் அங்கே நிற்கும், அடுத்த தொடர் புது வரியில் தொடங்கும். எரோணிமுஸ் எசாயா, எசேக்கியேல் நூல்களுக்குக் கையாண்ட இந்த முறையை இங்கே விவிலியம் முழுவதற்கும் கையாண்டிருக்கிறார்கள். தோலைச் சிக்கனப்படுத்த நினைத்தவர் இப்படி எழுத மாட்டார். புள்ளியும் நிறுத்தமும் இல்லாத ஓலைச்சுவடியைப் படித்துப் பிரித்துப் பழகியவருக்கு, இப்படி மூச்சு விடும் இடத்தில் வரியை முறித்துத் தந்தது எத்தனை பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹோர்ட்டின் சான்று வந்த பிறகும் அறிஞர்கள் பலர் எழுத்தை இங்கிலாந்துக்குரியதாக ஏற்கத் தயங்கினர். நூல் நார்தம்பிரியாவில் எழுதப்பட்டது சரி, ஆனால் எழுதியவர்கள் செயோல்ஃப்ரித் வரவழைத்த இத்தாலியர்களாக இருக்க வேண்டும் என்றனர். தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. அதே காலத்தில், ஜாரோவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவில் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும் நற்செய்தி நூல், அயர்லாந்து வழிவந்த அரை-அன்சியல் எழுத்தில், பின்னிப் பிணைந்த கோலங்களோடு இருக்கிறது. அந்த ஏட்டையும் அமியாத்தினுஸ் ஏட்டையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே அரசின் எல்லைக்குள், ஒரே தலைமுறையில் எழுதப்பட்டவை என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தக் கருத்தை முறையாக மறுத்தவர் எலியாஸ் ஏவரி லோ. பழைய இலத்தீன் சுவடிகள் அனைத்தையும் தேடித் தொகுப்பதில் வாழ்நாளைச் செலவிட்ட அவர், 1960-ல் ஆங்கிலேய அன்சியலைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அவர் வாதத்தின் அடிப்படை எளிது. ஒரு சுவடியை வந்தேறிகளின் கைவேலை என்று தள்ளிவிடலாம். ஒரே பயிற்சியின் தடயம் பல சுவடிகளில் இருந்தால் அது ஒரு பள்ளி. லிண்டிஸ்ஃபார்ன் ஆயராக இருந்த புனித கத்பர்ட்டின் சவப்பெட்டியிலிருந்து 1104-ல் எடுக்கப்பட்ட யோவான் நற்செய்தி, உள்ளங்கையளவு நூல், இதே பள்ளியின் அன்சியலில் எழுதப்பட்டது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் உள்ள புகழ்பெற்ற திருப்பாடல் சுவடியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும் நற்செய்தி ஏடுகளும் இதே கை மரபு. இந்தப் பள்ளியில் இரண்டு நிலை அன்சியல் கற்பிக்கப்பட்டதையும் லோ பிரித்துக் காட்டினார்: மூலபாடத்துக்குப் பெரிதும் அலங்காரமுமான ஒன்று, அதிகாரத் தலைப்புகளுக்கும் முன்குறிப்புகளுக்கும் எளிமையான ஒன்று. கத்பர்ட் நூல் முழுவதும் எழுதப்பட்டிருப்பது அந்த எளிய வகையில். முன்மாதிரி உரோமையின் 6-ஆம் நூற்றாண்டு இறுதி அன்சியல். திருத்தந்தை பெரிய கிரகோரியாரின் காலத்து உரோமைச் சுவடிகளில் காணும் அதே நடை. மாணவர்கள் ஆசிரியரை மிஞ்சிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

லோவின் வாதத்தோடு பீட்டின் மௌனத்தையும் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கால் நாட்டுக் கொத்தர்களையும் கண்ணாடிக்காரர்களையும் உரோமைப் பாடகரையும் பெருமையோடு பட்டியலிடும் பீட், எழுத்தர்கள் வெளிநாட்டிலிருந்து வந்ததாக ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. அமியாத்தினுஸில் மட்டுமே ஏழுக்குக் குறையாத கைகளைப் பிரித்தறிய முடிகிறது. அத்தனை பேர் இத்தாலியிலிருந்து வந்து ஆண்டுக்கணக்கில் தங்கி எழுதியிருந்தால், மடத்தின் நூலகத்தைப் பற்றி அவ்வளவு அக்கறையோடு எழுதியவர் அதை விட்டிருக்க மாட்டார். மௌனத்தை மட்டும் வைத்து வழக்கை முடிக்க முடியாது; மற்ற சான்றுகளோடு அது ஒத்துப் போகிறது என்பதே போதும்.

முதல் மடிப்பில் காசியோதோருஸின் நிழல்

சுவடியின் முதல் மடிப்புத் தொகுதி மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் விவிலியப் பாடம் இல்லை. படங்களும் விளக்க வரைபடங்களும் இருக்கின்றன. பாலைநிலத்தில் இஸ்ரயேலர் வழிபட்ட சந்திப்புக் கூடாரத்தின் அமைப்பு இரண்டு பக்கங்களை நிறைத்து மேலிருந்து பார்ப்பதுபோல் வரையப்பட்டுள்ளது. எரோணிமுஸ், அகுஸ்தீன் முதலியோர் விவிலிய நூல்களை வகுத்த முறைகளைக் காட்டும் கிளைப்படங்கள் உள்ளன. எல்லாவற்றிலும் புகழ்பெற்றது பழைய ஏற்பாட்டு மறைநூல் அறிஞர் எஸ்ராவின் ஓவியம். பகைவரால் மறைநூல்கள் எரிந்து போனபின் இறைவனிடம் பற்றுக்கொண்ட எஸ்ரா இந்தப் பணியைச் சீர்செய்தார் என்ற ஈரடி மேலே எழுதியிருக்க, முதியவர் ஒருவர் தாழ்ந்த இருக்கையில் குனிந்து மடியில் ஏடு வைத்து எழுதுகிறார். பின்னால் கதவு திறந்த நூலக அலமாரி. தட்டுகளில் படுக்கை வாட்டில் அடுக்கப்பட்ட ஒன்பது நூல்கள், முதுகில் பெயர்களோடு. தரையில் எழுத்தருக்குரிய கருவிகள் சிதறிக் கிடக்கின்றன.

ஒன்பது என்ற எண்தான் துப்பு. 6-ஆம் நூற்றாண்டில் தென்னித்தாலியின் விவாரியம் மடத்தை நிறுவிய காசியோதோருஸ் விவிலியத்தை ஒன்பது தொகுதிகளாக எழுதுவித்திருந்தார். அத்தோடு 'பெரிய சுவடி' என்று அவரே அழைத்த பாண்டெக்ட் ஒன்றில் கூடாரத்தின் படத்தைச் சேர்த்திருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் படத்தைத் தாம் பார்த்ததாகப் பீட் தம் உரைகளில் குறிப்பிடுகிறார். வட இங்கிலாந்தை விட்டு வெளியே அதிகம் போகாத பீட் அதைப் பார்த்திருக்கிறார் என்றால், பெரிய சுவடி ஜாரோவில் இருந்திருக்க வேண்டும். உரோமையிலிருந்து பழைய மொழிபெயர்ப்பில் ஒரு பாண்டெக்ட் கொண்டு வரப்பட்டதாக அவரே வேறிடத்தில் சொல்வது அதுவாகவே இருக்கும்.

இதனால் அமியாத்தினுஸ் காசியோதோருஸ் சுவடியின் நகல் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னவர்கள் உண்டு. பெரிய சுவடியின் பாடம் வுல்காத்தாவுக்கு முந்தைய வழியைச் சேர்ந்தது. அமியாத்தினுஸின் பாடம் வுல்காத்தா. முதல் மடிப்பில் உள்ள கிளைப்படங்கள் காட்டும் நூல் வரிசை எதுவும் இந்தச் சுவடியின் உண்மையான நூல் வரிசையோடு ஒத்துப் போகவில்லை. செயோல்ஃப்ரித்தின் துறவிகள் அதிலிருந்து எடுத்தது வடிவத்தின் யோசனையையும் சில படங்களையும். பாடத்தை வெவ்வேறு நல்ல மூலங்களிலிருந்து திரட்டித் தாங்களே பதிப்பித்தார்கள். நகலெடுப்பதைவிட இது பெரிய வேலை. இச்சுவடியின் பெருமையை எழுத்தழகில் மட்டும் காண்பவர்கள் இந்த இடத்தைக் கடந்து போய்விடுகிறார்கள்.

உடன்பிறந்த ஏடுகள்

செயோல்ஃப்ரித் விட்டுச் சென்ற மற்ற இரண்டு விவிலியங்களும் காணாமற்போயின. 1909-ல் வில்லியம் கிரீன்வெல் என்ற டர்ஹம் குருவானவர் நியூகாசிலில் ஒரு பழைய புத்தகக் கடையில் தோல் ஏடு ஒன்றைக் கண்டார். அது கணக்குப் புத்தகத்துக்கு அட்டையாகப் பயன்பட்டிருந்தது. அதில் இருந்தது 1 அரசர்கள் நூலின் ஒரு பகுதி, அமியாத்தினுஸின் அதே எழுத்தில், அதே இரு பத்தி அமைப்பில். நாட்டிங்ஹம் அருகே வொலட்டன் மாளிகையின் 16-ஆம் நூற்றாண்டு நில ஆவணங்களுக்கு உறையாகக் கிடந்த பதினோரு ஏடுகள் அதற்குப் பின் அடையாளம் காணப்பட்டன. அவையும் அரசர்கள் நூலே. 1982-ல் டார்செட்டின் கிங்ஸ்டன் லேசி மாளிகையில் சீராக்கின் ஞானத்திலிருந்து இன்னோர் ஏடு வெளிப்பட்டது. எல்லாம் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஏறக்குறைய 2000 ஏட்டில் 13.

இந்தப் பதின்மூன்றும் வழக்கின் கடைசி ஓட்டையை அடைக்கின்றன. காணிக்கைப் பாட்டு நூலை அனுப்பியவர் யார் என்று மட்டுமே சொல்கிறது. அவர் அதை வேறெங்கோ வாங்கி அனுப்பினார் என்று வாதிட இடம் உண்டு. மூன்று விவிலியங்கள் தம் மடத்தில் எழுதப்பட்டன என்று பீட் சொல்ல, அவற்றில் ஒன்று இத்தாலியிலும் இன்னொன்றின் துணுக்குகள் இங்கிலாந்தை விட்டு நகராமலும் கிடைத்து, இரண்டும் ஒரே பட்டறையின் கைவேலையாகத் தோன்றும்போது அந்த வாதத்துக்கு இடம் இல்லாமல் போகிறது.

பாடத் திறனாய்வில் இதன் விளைவு எளிதில் கணக்கிடக்கூடியது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐந்தாம் சிக்ஸ்துஸ் திருத்தந்தையின் ஆணைப்படி வுல்காத்தாவைத் திருத்திப் பதிப்பித்தவர்கள் இச்சுவடியை மலையிலிருந்து உரோமைக்கு வரவழைத்துப் பயன்படுத்தினர். 1036-ல் எழுதப்பட்ட மடத்துத் திருப்பண்டப் பட்டியல் இதைப் பெரிய கிரகோரியாரின் சொந்தக் கையெழுத்து என்றே குறிக்கிறது. பழைமையால் வந்த மதிப்பு அவ்வளவு. இப்போது அதன் வயது குறைந்துவிட்டது. ஆனாலும் மதிப்புக் குறையவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் 1889 முதல் வெளிவந்த பெரும் பதிப்பிலும், பிற்காலச் ஸ்டுட்கார்ட் பதிப்பிலும் இலத்தீன் நெடுங்கணக்கின் முதல் எழுத்தான 'A'-யே இதன் குறியீடு. இத்தாலிய எழுத்தர் ஒருவரின் ஒற்றைச் சாட்சியாக இருந்தது, பல மூலங்களை ஒப்பிட்டுத் தேர்ந்த ஒரு மடத்தின் பதிப்பாக மாறிவிட்டது. பாடத்தை எடைபோடுபவர் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

செர்வாந்துஸ் குறிப்பு மட்டும் இன்னும் இரு வகையாகப் படிக்கப்படுகிறது. ஜாரோவில் இத்தாலிய எழுத்தர் ஒருவராவது இருந்தார், அவர் தம் பெயரைக் கிரேக்க எழுத்தில் பதித்தார் என்பது ஒரு படிப்பு. முன்னே வைத்து எழுதிய மூலச்சுவடியில் இருந்த குறிப்பை, பொருள் தெரியாமலோ பணிவினாலோ, ஆங்கிலேய எழுத்தர் அப்படியே பெயர்த்தெழுதினார் என்பது மற்றொன்று. கிரேக்க எழுத்துக்கூட்டலில் உள்ள தடுமாற்றத்தையும், எஸ்ரா ஓவியம் உட்பட இந்த மடத்தார் மூலத்தை எவ்வளவு உண்மையோடு பின்பற்றினார்கள் என்பதையும் பார்க்கும்போது இரண்டாவதே எனக்கு ஏற்புடையதாகத் தெரிகிறது.

2018 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆங்கிலோ-சாக்சன் அரசுகள் பற்றிய கண்காட்சிக்காகச் சுவடி லண்டனுக்கு வந்தது. புறப்பட்ட ஆண்டிலிருந்து எண்ணினால் 1302 ஆண்டு. லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தியும் கத்பர்ட்டின் கையடக்க நூலும் அதே கண்காட்சியில் இருந்தன. சில மாதங்களில் அது ஃபுளோரன்ஸுக்குத் திரும்பிவிட்டது. காணிக்கைப் பாட்டின் மூன்றாம் அடி இன்றும் பேதுருவின் பெயரில்தான் தொடங்குகிறது.